தேங்காயின் மேல் விழுந்த பழி

மதுக்கரையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இருபது வருடமாகச் சிகரெட். கொலஸ்ட்ரால் கூடிவிட்டது என்று தெரிந்ததும், இனி தொடமாட்டேன் என்று கொடுமுடி கோயிலில் மனைவிக்குச் சத்தியம் செய்தேன். பத்து நாள்கூடத் தாங்கவில்லை. சட்டையில் வாடை அடித்தால் பட்டறை ஆட்கள் விட்ட புகை என்பேன். நம்பினாள். கொலஸ்ட்ரால் தெரிந்த நாளிலிருந்து குழம்புக்குத் தேங்காய் அரைக்கவில்லை, அரிசிம்பருப்புச் சோற்றுக்கு நெய் ஊற்றவில்லை. வீடே எனக்காகப் பத்தியம் இருந்தது.

ஆறு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "நல்ல கொலஸ்ட்ரால் இன்னும் கொறஞ்சிருக்குதுங்க. இப்படியே போனா ரத்தக்குழாய் அடைச்சுக்கும். சிகரெட் புடிக்கறீங்களா?"

கூட வந்த மனைவி முந்திக்கொண்டாள். "அதை உட்டு ஆறு மாசமாச்சுங்க. நாந்தானுங்க பண்டிக நோம்பிக்கு ரெண்டு நாளு தேங்கா அரைச்சு ஊத்திப்போட்டேன். என்ற தப்புங்க." அவள் கண் கலங்கியது.

என் சட்டைப்பையில் சிகரெட் பெட்டி இருந்தது. அதை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அவள் திட்டவில்லை.

அதன் பிறகு நான்கு மாதமாகச் சிகரெட்டை உண்மையாகவே தொடவில்லை. ஆனாலும் தினமும் என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் துவைக்கப் போடுகிறாள். அவள் முகம் தெளியும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.