அக்காவின் கதையில் எனக்கு இடமில்லை

எங்கள் அன்பு அக்கா, நீடாமங்கலத்தை அடுத்த சிற்றூரில், பண்ணையில் கூலிக்கு உழைத்த பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். அவருக்குப் பின் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. அடுத்து வந்த என்னை அம்மா குப்பைமேட்டில் போட்டு, பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொண்டதும், ஒரு முறம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினார். எமன் ஏமாந்து போகட்டும் என்று பிச்சை எனப் பெயரும் வைத்தார். எனக்கு அடுத்தவன் மணி. அவனுக்கு மட்டும் நல்ல பெயர். அப்போதே தொடங்கிவிட்டது என் வயிற்றெரிச்சல்.

கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெரு அறுவடைக்குப் போகாமல் நின்ற வருடம், பண்ணையின் அடியாட்கள் வந்தார்கள். அப்பாவும் மற்ற ஆண்களும் சிவப்புக் கொடியோடு களத்துமேட்டில் நின்றார்கள். அக்கா எங்கள் இருவரையும் இழுத்துப் போய், வற்றிக் கிடந்த வாய்க்கால் மதகுக்குள் ஒளித்து வைத்தார். நாங்கள் அழாமலிருக்க ஒரு கதையும் சொன்னார். காவிரித் தண்ணீரை ஒரு பூதம் குடத்தில் அடைத்துவிடுகிறது. மணி மதகு வழியாகப் பாதாளத்துக்குப் போய் அதை மீட்டு வருகிறான்.

"நான் எங்கக்கா?" என்று கேட்டேன்.

"நீ வீட்ல சோறு தின்னுக்கிட்டு இருக்க. பேசாம கேளு."

அக்கா படித்து ஆசிரியை ஆனார். எங்கள் தெருவின் முதல் அரசு உத்தியோகம் அவருடையதுதான். எங்களைப் படிக்கவைப்பதற்காகக் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கறுப்புச் சேலை கட்டி மேடையேறி, பேயும் இல்லை பூதமும் இல்லை என்று முழங்குவார். அப்படிப்பட்டவர் அந்தப் பூதக் கதையைப் பிள்ளைகளுக்கான சின்னப் புத்தகமாக எழுதினார். பக்கத்துக்குப் பக்கம் மணி. எருமைக்கன்றுக்குக்கூட ஒரு பெயர் இருந்தது. எனக்கு இல்லை.

மயிலாடுதுறைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணியைச் சூழ்ந்துகொண்டு கையெழுத்துக் கேட்டார்கள். நான் பக்கத்தில் பேனா மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன்தான் அக்காவுக்கு உசத்தி என்று முடிவுகட்டினேன். தலை நரைத்தும் அது ஆறவில்லை.

கடைசி நாட்களில், தஞ்சை மருத்துவமனையில், கேட்டேவிட்டேன். "ஏங்க்கா, நான் உனக்கு அவ்ளோ வேண்டாதவனா?"

"போடா கிறுக்கா. உன்னைத் தவிடு குடுத்து வாங்கியிருக்கோம். அந்தப் பூதத்துக்கிட்ட உன் பேரச் சொல்லச் சொல்றியா?"

"பூதமே இல்லைன்னு நீதான பேசுவ?"

"இல்லதான். இருந்தாலும் எழுதக் கை வரலடா."

அக்காவைத் தாயாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அவர் விரும்பியபடி சடங்கின்றி வழியனுப்பத் திரண்ட மாணவர்களுக்கும், உற்றார் உறவினருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை மணியிடம் படித்துக் காட்டினேன். அவன் கேட்டான்: "அப்ப என்னைய மட்டும் பூதத்துக்கிட்ட போயிட்டு வாடான்னு அனுப்பிருச்சா?"