வெள்ளறடை பங்களாவில் மதாம்மாவுக்கு இங்கிலீஷில் சொன்னது

கேரள எல்லையில், வெள்ளறடைப் பக்கம் பேய் பங்களா ஏதாவது உண்டா, குடும்பத்தோடு போகலாமா என்று போன பதிவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார். உண்டு என்று எழுதத் தொடங்கிவிட்டுத்தான் நிறுத்தினேன். இருந்தது என்று சொல்ல வேண்டும். நான் போனது தொண்ணூற்று ஐந்தில். குடும்பத்தோடுதான் போனேன், அதாவது பாதிக் குடும்பம். வீட்டுக்காரி வர மாட்டேன் என்றுவிட்டாள்.

அது கிறிஸ்துமஸ் லீவு. மகள் பிந்து அப்போது எட்டாம் வகுப்பு, நெய்யாற்றின்கரையில் இங்கிலீஷ் மீடியம். பழைய கட்டடம் ஒன்றை நேரில் பார்த்து இங்கிலீஷில் நாலு பக்கம் எழுதிவர வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். வகுப்பில் பாதிப் பேர் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறார்கள், மீதிப் பேர் அவர்களைப் பார்த்து எழுதப் போகிறார்கள் என்றாள். இவளுக்கு யாரும் எழுதாத இடம்தான் வேண்டுமாம்.

எனக்குப் பாறசாலை சந்திப்பில் சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்பதில்லை. வெள்ளறடைக்கு மேலே ஒரு ரப்பர் எஸ்டேட், அதன் உச்சியில் வெள்ளைக்காரத் துரை கட்டிய பங்களா, அதில் அவர் மனைவி மதாம்மாவின் பேய் என்று நான் கேட்டதெல்லாம் அப்படித்தான். வெள்ளை கவுன், மாடி வராந்தாவில் ஷூ சத்தம், சாயங்காலமானால் கப்பும் சாசரும் மோதும் சத்தம். ராத்திரிச் சாப்பாட்டில் இதைச் சொன்னேன். பிந்துவின் கண் விரிந்துவிட்டது.

"பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேயைக் காட்டிய தகப்பன் இந்த ஊர்ல நீங்க ஒருத்தராக்கும்," என்றாள் வீட்டுக்காரி. சொல்லிக்கொண்டே மறுநாளுக்கு மரச்சீனிக் கிழங்கு அவித்து டப்பாவில் போட்டுத் தந்தாள்.

காலை ஒன்பதே காலுக்குப் பாறசாலையில் பஸ். காரக்கோணம், குன்னத்துக்கால் வழி வெள்ளறடை பதினாறு கிலோமீட்டர் இருக்கும். கை காட்டினவர்களுக்கெல்லாம் நின்று போனதில் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. "ஒண்ணரை வெள்ளறடை," என்று டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் பிந்துவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"இந்தக் கொச்சுக்கா அரை டிக்கெட்? என்னைக் காட்டியும் உயரம் உண்டல்லோ சேட்டா!"

"தேர்ட்டீன் கம்ப்ளீட்டட், சார்," என்றாள் பிந்து, பள்ளியில் ஆஜர் சொல்வதுபோல. பஸ்ஸே சிரித்தது. இரண்டு முழு டிக்கெட், எட்டு ரூபாய். இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்ததற்கு எனக்குக் கிடைத்த முதல் பலன் அது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பெருமை. நான் ஒன்பதாம் வகுப்பில் நின்றவன். அதிலும் என்னை நிறுத்தியது இங்கிலீஷ்தான்.

வெள்ளறடையிலிருந்து எஸ்டேட் கேட் ஐந்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு முப்பது ரூபாய் கொடுத்தோம். ஓட்டினவன் இளவட்டம்.

"பங்களாவுக்கா? கேட் வரைக்கும் வாறேன் அண்ணா. மேல நீங்க நடந்துக்கிடுங்க."

"ஏன் மக்கா, பயமா?"

"எனக்கென்ன பயம்? வண்டி புதுசாக்கும்."

கேட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் ஏற்றம். டிசம்பரில் ரப்பர் இலை சிவந்து உதிரத் தொடங்கும். காலடியில் சருகு, மரத்துக்கு மரம் பால் சொட்டும் சிரட்டை, ரப்பர் ஷீட்டைப் புகை போடும் இடத்திலிருந்து வரும் ஒரு புளித்த மணம். பாதி வழியில் நான் மூச்சு இளைத்துப்போய் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். "பேய் வந்தா ஓடுவியளா அப்பா?" என்று கேட்டாள். ஓட முடிந்தால்தானே பேயும் துரத்தும், என்னை நடந்தே பிடித்துவிடும் என்றேன்.

பங்களா நான் நினைத்ததைவிடச் சிறியது, அழகானது. கீழே கருங்கல், மேலே முழுக்க மரம், நாலு பக்கமும் வராந்தா. ஓட்டில் பாசி. ஹாலில் குளிர்காய ஓர் அடுப்பு கட்டியிருந்தார் துரை. இந்த வேர்வையில் அந்த மனுஷன் எதற்குத் தீ மூட்டினார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேமரா கிடையாது, அதனால் இந்தப் பதிவில் படமும் கிடையாது. பக்கத்துக் கடைக்காரர் தருகிறேன் என்றுதான் சொன்னார். பேயைப் படம் பிடிக்கப் போகிறேன் என்று அவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு வாங்காமல் விட்டேன். அந்தக் கூச்சத்தை நினைத்து இப்போது வருத்தப்படுகிறேன்.

பங்களாவைப் பெருக்கித் துடைத்துப் பார்த்துக்கொண்டவர் செல்லபாய். நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் அதே எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டுகிறவர், அன்று சந்தைக்குப் போயிருந்தார். பின்னால் இருந்த பழைய சமையல்கட்டில்தான் இருபது வருஷமாக இவர்கள் குடித்தனம். எங்களை விரட்டுவார் என்று நினைத்தேன். பிந்துவின் கையிலிருந்த நோட்டைப் பார்த்ததும், "பள்ளிக்கூடத்துக்கா மக்களே? வா, எல்லாம் காட்டித் தாறேன்," என்று கூட்டிப்போனார்.

மாடியில் மேற்கு வராந்தாவில் ஒரு ஸ்டூல். அதன்மேல் கைப்பிடி உடைந்த பீங்கான் கப்.

"அவியளுக்கு, மதாம்மாவுக்கு," என்றார் செல்லபாய். "நாலு மணிக்குச் சாயா வைப்பேன். பால் இல்லாம. விடிஞ்சு பாத்தா கப்பு காலி."

சுவரில் ஓர் அணில் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் வாயைத் திறக்குமுன் பிந்து என் விரலை அழுத்தினாள். மூடிக்கொண்டேன்.

கதை இவ்வளவுதான். துரை மலையில் காடு வெட்டப் போன இடத்தில் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்தார். மதாம்மா தன் ஊருக்குத் திரும்பவில்லை. அங்கே அவருக்கென்று யாரும் இல்லையாம். இந்த வராந்தாவிலேயே வயதாகி, இங்கேயே கண்ணை மூடினார். "ஒருத்தரையும் அடிச்சதும் இல்ல, பிடிச்சதும் இல்ல. பேய்க்குப் படைக்காதேண்ணு எங்க பாஸ்டர் ரெண்டு தடவ சொல்லியாச்சு. படைக்கல்ல பாஸ்டரே, ஒரு சாயா குடுக்கேன், அதுக்கு உங்களுக்கென்னண்ணு கேட்டேன்."

பிந்து ஜன்னல், படி, ஓடு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். மரச்சீனியை மூன்று பேரும் பங்கிட்டுத் தின்றோம், செல்லபாய் காந்தாரி மிளகாய் அரைத்துத் தந்தார். கிளம்பலாம் என்று எழுந்தபோதுதான் அவர் கேட்டார்.

"அண்ணா, பிள்ளைக்கு இங்கிலீஷ் பேச வருமா?"

"வருமாவா? கண்டக்டர்கிட்ட பேசிப்போட்டுத்தான் வாறா."

"அப்போ எனக்காக ஒரு காரியம் சொல்லணும். அவியகிட்ட."

எஸ்டேட் கைமாறிவிட்டதாம். ஜனவரியில் பங்களாவை இடிக்கிறார்கள். தேக்கெல்லாம் விற்பனைக்கு, இடத்தில் ரப்பர் கன்று. செல்லபாயும் கணவரும் பனச்சமூட்டில் இரண்டு அறை வீடு பார்த்துவிட்டார்கள். மதாம்மாவுக்குத்தான் போக இடம் இல்லை.

"தமிழ்ல சொன்னேன், மலையாளத்துல சொன்னேன், வேதப் புஸ்தகத்துல இருக்கிய மாதிரி சுத்தமாட்டும் சொன்னேன். பதிலுக்கு ஒரு அனக்கம் இல்ல. அவியளுக்குத் தெரிஞ்ச பாஷையில சொன்னாத்தானே விளங்கும்? பாஸ்டருக்க மகன் இங்கிலீஷ் படிச்ச ஆளு, கேட்டேன். சிரிச்சான்."

"என்ன சொல்லணும் அக்கா?" என்று கேட்டாள் பிந்து. அவள் சிரிக்கவில்லை.

"வீட்டை இடிக்கப் போறாவ, பயப்படாண்டாம், எங்ககூட வந்திருங்கண்ணு சொல்லணும். சின்ன வீடாக்கும், மேற்கால சன்னல் உண்டு. சாயா முடங்காது. அவ்வளவும் சொல்லணும் மக்களே. போகச் சொல்லுகதா நினைச்சிரப்படாது."

நாலு மணி வரை இருந்தோம். செல்லபாய் கட்டன் சாயா கொண்டுவந்து கப்பில் ஊற்றி ஸ்டூலில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். பிந்து என் காதில், "அப்பா, அங்க யாருமே இல்லியே," என்றாள். "ஸ்கூல் மேடையில பேசும்போ நீ யாரைப் பாத்தா பேசுவ? அது மாதிரி பேசு," என்றேன். பேசப்போவது நான் இல்லை என்பதால் தைரியத்துக்குக் குறைவில்லை.

ஸ்டூலுக்கு முன்னால் போய் அட்டென்ஷனில் நின்றாள். "குட் ஆஃப்டர்நூன், மேடம்."

அதுவரை எனக்குப் புரிந்தது. அப்புறம் வேகம் பிடித்துவிட்டாள். பள்ளியில் கன்னியாஸ்திரிகள் பேசுவதுபோலச் சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லாமல், சின்னக் குரலில், காற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு. ஹவுஸ் என்று வந்தது. சாரி என்று ஒரு தடவை. ப்ளீஸ் மூன்று தடவையாவது. கம், கோ இரண்டும் தெரிந்த ஆள்தான் நான். அவள் ஓடிய ஓட்டத்தில் இரண்டில் எது வந்தது, வந்ததா என்றே பிடிபடவில்லை.

செல்லபாய் பிந்துவைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் எப்படித் தலையாட்டுவேனோ அப்படியே ஆட்டினேன். கொஞ்சம் நிதானமாக, இடையிடையே புருவத்தை உயர்த்தி. பிந்து "தாங்க்யூ, மேடம்" என்று முடித்ததும் எனக்கே தெரியாமல் கண் கலங்கிவிட்டது. என் மகள் இவ்வளவு நேரம் நிற்காமல் பேசி நான் கேட்டதில்லை.

"நான் சொன்னதெல்லாம் சொல்லியாச்சா அண்ணா?"

"ஒண்ணு விடாம சொல்லியாச்சு," என்றேன்.

செல்லபாய் பிந்துவின் முகத்தை இரண்டு கையாலும் தடவித் தன் விரலை முத்தமிட்டுக்கொண்டார். மலையிறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். பங்களா முழுக்க வெயில், ஓடு பொன்போல இருந்தது. இன்னும் கொஞ்சம் நின்று பார்த்திருக்கலாம். ஐந்தே முக்கால் பஸ்ஸை நினைத்து நடையைக் கூட்டினேன்.

பஸ்ஸில் கேட்டேன். "மதாம்மாகிட்ட என்ன மக்கா சொன்ன?"

"நீங்கதான் ஒண்ணு விடாம கேட்டியளே," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதோடு விட்டுவிட்டேன். பள்ளியில் பேய்க் கதையெல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று யாரோ சொன்னதில், கடைசியில் பத்மநாபபுரம் அரண்மனையைத்தான் எழுதிக்கொடுத்தாள். பார்க்காமலேயே.

அடுத்த ஓணத்துக்கு முன்னால் பழைய சைக்கிள் ஒன்றைப் பார்க்கப் பனச்சமூட்டுக்குப் போயிருந்தேன். சந்தையில் செல்லபாய் என்னைக் கண்டு வீட்டுக்குக் கூப்பிட்டார். இரண்டு அறைதான், சுத்தமாக இருந்தது. மேற்கு ஜன்னல் பக்கம் அதே ஸ்டூல், அதே கப். உள்ளே முந்தின நாள் சாயா, மேலே ஓர் ஈ மிதந்தது.

"வரல்ல அண்ணா," என்றார். "எட்டு மாசமாச்சு. வச்சது வச்ச மாதிரியே இருக்கு."

பனச்சமூட்டுக்கு வழி தெரியாதது அணிலுக்குத்தான் என்று ஒரு பகடி நாக்கு நுனிவரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

"பிள்ளை வரத்தானே சொல்லிச்சு?"

"வரத்தான் சொன்னா."

"பனச்சமூடுண்ணு பேரு சொல்லிச்சா? வழி சொல்லிச்சா? போகச் சொல்லுகோம்ணு நினைச்சு எங்கயாவது இறங்கிப் போயிட்டாவளோண்ணு இருக்கு எனக்கு."

"அப்படியெல்லாம் இருக்காது," என்றேன். சொல்லும்போதே எனக்கு என் குரல் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பிந்துவைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். இந்தத் தடவை சிரிக்காமல் யோசித்தாள்.

"ஓர்மை இல்லப்பா. பயத்துல என்ன வந்துதோ அதைப் பேசினேன். சாயா, சன்னல் ரெண்டும் சொன்னேன். கூட வாங்கண்ணு சொன்னேனா... தெரியல்ல. சொல்லியிருப்பேன். நீங்க பக்கத்துலதானே நின்னிய?"

பக்கத்தில்தான் நின்றேன். தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

இனி போகிறவர்களுக்கு. பங்களா இல்லை, அஸ்திவாரக் கல் மட்டும் ரப்பருக்கு நடுவே கிடக்கிறது. எஸ்டேட் கேட்டில் கேட்டால் விடுவார்கள். மழைக்காலத்தில் வேண்டாம், அட்டை கடிக்கும். டிசம்பரும் ஜனவரியும் நல்லது. தண்ணீர் கொண்டு போங்கள், மேலே கடை கிடையாது. உச்சியில் மேற்குப் பக்கமாக நின்றால் வெயில் தாழும்போது மலையின் நிழல் கீழே தென்னைமேல் இறங்குவது தெரியும். அதற்காகவே ஏறலாம்.

உங்களில் யாருக்காவது நல்ல இங்கிலீஷ் தெரியுமானால் ஓர் உதவி. நாலு மணி வாக்கில் அங்கே நின்று, அவசரப்படாமல், மதாம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். எஸ்டேட் கேட்டில் இறங்கி ரோட்டோடு நேரே வெள்ளறடை. அங்கிருந்து பனச்சமூடு பஸ். சந்தைக்குப் பின்னால் இரண்டாவது சந்து, இடது பக்கம் மூன்றாவது வீடு. மேற்கே பார்த்த ஜன்னல். அன்றைக்கும் வரச் சொல்லித்தான் சொன்னது. சாயாவில் பால் இருக்காது.