நாற்பத்தொரு பாட்டில்களின் அதிபதி

கார் மெழுகான வாக்ஸ் டப்பாவின் மூடியைத் திறந்து, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுக்கிறான். பிறகு கட்டைவிரலால் வாக்ஸில் ஒரு சின்ன வட்டம் போட்டு, முன்கையில் தேய்த்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். மோந்து பார்த்தால் வாக்ஸின் தரம் தெரியாது என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். வேதியியல் படித்தவன். ஆனாலும் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சும்மா டப்பாவைத் திறந்து வேலையை ஆரம்பித்துவிட்டால், படித்ததற்கு வேறு என்னதான் அடையாளம்?

கார் கழுவும் கடையில் அவனுக்குப் பெயர் டிகிரி. வேலை கேட்டு வந்த அன்று, தேய்த்த சட்டையும் கையில் சான்றிதழ் ஃபைலுமாக ஈரத் தரையில் நின்றான். முதலாளி ஃபைலைத் திறக்கவே இல்லை. "தண்ணி பட்டுடும் தம்பி, உள்ள பத்திரமா வை" என்றார். ஃபைல் இன்னும் அங்கேதான் இருக்கிறது, பத்திரமாக. பெயர் மட்டும் வெளியே வந்துவிட்டது.

அவன் வருவதற்கு முன் கடையில் ஒரே ஒரு நீல ட்ரம் இருந்தது. அதற்குள் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. டயருக்கும் அதுதான், சீட்டுக்கும் அதுதான், சாப்பிடப் போகுமுன் கை கழுவவும் அதுதான். அது முதலாளியின் மைத்துனருடைய ஏற்பாடு. முதலாளி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு மொத்தக் கடைக்கும் அவர் 'மச்சான்' ஆகிவிட்டார். டிகிரி இரண்டாவது வாரமே ட்ரம்மில் லிட்மஸ் தாளை முக்கி, கருநீலமாக மாறியதை முதலாளியிடம் தூக்கிக்காட்டினான். "கடுங்காரம். இது பெயிண்ட்டையே தின்னுடும்ண்ணே." முதலாளி மிரண்டுபோய்த் தன் கையைப் பார்த்துக்கொண்டார். ட்ரம் பின்கட்டுக்குப் போனது. ஆறு தட்டு அலமாரி ஒன்று வந்தது. எதை வாங்குவது, எந்த வண்டிக்கு எதைப் போடுவது என்பதெல்லாம் இனி டிகிரியின் பொறுப்பு. முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "ஒரு வண்டி கெட்டுதுன்னு வை, அலமாரி மச்சானுக்கு."

குழாய் பிடிப்பது, சக்கரம் தேய்ப்பது எல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை. தான் படித்தது வீண் இல்லை என்பதற்கு அவனிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்த அலமாரிதான். அந்தச் சாட்சியின் உயரம் ஆறு தட்டு, மொத்தம் நாற்பத்தொரு பாட்டில் என்று நினைக்கும்போது அவனுக்கே சிரிப்பு வந்துவிடும். ஆனாலும் தினமும் காலையில் முதல் வேலையாக அவற்றின் லேபிள்கள் வெளியே தெரியும்படி திருப்பி வைக்கிறான். புது பாட்டில் வந்தால் லேபிளைச் சத்தமாக, முழுசாகப் படிப்பான். 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்ற வரியைக்கூட விடமாட்டான். ஒருமுறை உற்சாகத்தில் மச்சானின் டீயில் லிட்மஸ் தாளை நனைத்து, "லேசா அமிலம்" என்று அறிவித்தான். மச்சான் அந்த டீயைக் குடிக்கவில்லை. அவனையும் மன்னிக்கவில்லை.

வீட்டில் பரிசோதனைக்கூடம் என்பது ஃப்ரிட்ஜின் கதவு. டேப் ஒட்டி நான்கு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாக்ஸ் பூசி, எதில் தண்ணீர்த்துளி வேகமாக உருண்டு இறங்குகிறது என்று ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்ப்பான். "காலண்டர் ஒட்ட மாட்டேங்குது, கரண்ட் பில் ஒட்ட மாட்டேங்குது. கதவைத் தொட்டா கை வழுக்குதுடா" என்பாள் அம்மா. தங்கை அதற்குமேல் ஒரு படி போவாள்: "மூணு வருஷம் காலேஜ்ல படிச்சு ஃப்ரிட்ஜ் துடைக்கிற ஒரே ஆளு எங்கண்ணன்தான்." பால் வேன் ஓட்டும் அப்பாவுக்கு இதெல்லாம் பிடிபடுவதில்லை. "பதினேழு வருஷமா ஒரே துணியிலதான் துடைக்கிறேன். வண்டி ஓடுதா இல்லியா?" ஆனால், பையன் என்ன செய்கிறான் என்று சொந்தக்காரர்கள் யாராவது கேட்டால் அம்மா குரலைத் தாழ்த்தி, "கெமிக்கல்ல இருக்கான்" என்பாள். பொய் இல்லை. முழங்கை வரைக்கும் அதில்தான் இருக்கிறான்.

போன வாரம் ஒரு பல் டாக்டரம்மா, மாலை நான்கு மணிக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லித் தன் காரை விட்டுவிட்டுப் போனார். சாம்பல் நிறம். சிலேட்டு மாதிரி ஒளியே இல்லாமல் இருந்தது. டிகிரி இரண்டு சுற்றுச் சுற்றிவந்து, நோயைக் கண்டுபிடித்துவிட்டான். "பாவம், வெயில்லயே நின்னு வெளுத்துப்போச்சு."

அலமாரி முன் முக்கால் மணி நேரம் நின்றான். திரவ வாக்ஸ் சீக்கிரம் பரவும், ஆனால் சீக்கிரமே போய்விடும். செயற்கை வாக்ஸ் மாதக்கணக்கில் நிற்கும், ஆனால் பிளாஸ்டிக் பொம்மைக்கு வந்த மினுக்கு மாதிரி இருக்கும். பிரேசில் நாட்டுப் பனையின் ஓலையிலிருந்து எடுத்த கெட்டி மெழுகுதான் நிறத்துக்கு ஆழம் கொடுக்கும். அதையே எடுத்தான். அவசரக்காரன் என்று மட்டும் அவனைச் சொல்லிவிட முடியாது. முதலில் காரின் முன்மூடியான பானட்டின் ஓரத்தில் உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் பாலிஷ் போட்டுத் தேய்த்து, அதன்மேல் வாக்ஸ் பூசி, பத்து நிமிடம் காத்திருந்து துடைத்தான். சாம்பலுக்கு நடுவே முட்டை வடிவில் ஒரு கண்ணாடி பிறந்தது. அதில் அவன் முகமே தெரிந்தது.

"எல்லாரும் வாங்க! வந்து பாருங்க!"

காரின் உட்புறம் துடைத்துக்கொண்டிருந்த, கடையில் கூட வேலை பார்க்கும் அக்கா தலையை நீட்டினாள். "இரு தம்பி. இங்க கதவு இடுக்குல ஏதோ ஒட்டியிருக்கு. இங்கிலீஷ்ல இருக்கு, நீயே வந்து படி."

வந்தான். பழக்கதோஷத்தில் சத்தமாகவே ஆரம்பித்தான். மேட் பெயிண்ட் என்ற முதல் வரி கணீரென்று வந்தது. பாலிஷ் கூடாது என்ற இரண்டாவது வரியில் குரல் தேய்ந்தது. மூன்றாவது வரியை மனதுக்குள் படித்துக்கொண்டான். வாக்ஸும் கூடாது.

"என்னப்பா போட்டிருக்கு?"

"இந்த வண்டி பளபளன்னு இருக்கக்கூடாதாம்க்கா. மங்கலா இருக்கணும்னே அடிச்ச பெயிண்ட்டாம். விலையும் ஜாஸ்தி."

"மங்கலா இருக்கறதுக்கா காசு குடுத்திருக்காங்க?" அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

உலகத்தில் உள்ள லேபிளை எல்லாம் ஒரு வரி விடாமல் படித்தவன், காரில் ஒட்டியிருந்ததைப் படிக்கவில்லை. வெயிலில் வெளுத்தது கார் இல்லை, தன் மூளைதான் என்று சொல்லிக்கொண்டே வாக்ஸை எடுக்கும் திரவத்தால் மூன்று முறை துடைத்தான். வாக்ஸ் போய்விட்டது. ஆனால் பாலிஷ் தேய்த்து வழவழப்பாக்கிய பரப்பு பழையபடி சொரசொரப்பாகவில்லை. டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தான். சாய்த்துப் பார்த்தால் முட்டை இருந்தது. நேராகப் பார்த்தால் இல்லை.

பின்னால் மச்சான் நின்றிருந்தார். குதிப்பார் என்று எதிர்பார்த்தான். அவரோ தோளில் கை போட்டார். அது அதைவிட மோசமாக இருந்தது.

"நேரா பார்த்தா தெரியல. விடு. நான் மாமாகிட்ட சொல்ல மாட்டேன். அலமாரி உங்கிட்டயே இருக்கட்டும். நம்ம ட்ரம்மை மட்டும் அதுக்குப் பக்கத்துல வச்சுக்குவோம். என்ன?"

டிகிரி டார்ச்சை அணைத்தான். மறுத்தான் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் ட்ரம்மை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

நான்கு மணிக்கு டாக்டரம்மா வந்தார். முதலாளியும் கூடவே வந்தார். காரைச் சுற்றி நடந்தார்கள். இருவரும் நேராகத்தான் பார்த்தார்கள்.

"ரொம்ப நல்லா இருக்குங்க. போன தடவை வேற ஒரு இடத்துல விட்டு, எதையாவது பூசிடுவாங்களோன்னு பயந்துட்டே இருந்தேன்."

"இங்க அந்தப் பயமே வேணாம்மா. எதைப் போடணும் எதைப் போடக்கூடாதுன்னு நம்ம டிகிரிதான் முடிவு பண்ணுவார்." முதலாளி அவனை 'ர்' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அந்த 'ர்' காதுக்குள் போய் இதமாக உட்கார்ந்துகொண்டது. மச்சான் அவனைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

டாக்டரம்மா கதவைத் திறக்கக் கை நீட்டினார்.

"மேடம், ஒரு நிமிஷம். இப்படி வந்து கொஞ்சம் குனிஞ்சு பாக்கணும். நேரா பார்த்தா தெரியாது."

முதலாளியும் குனிந்தார். டிகிரி பானட்டின் ஓரமாக முட்டி போட்டு, டார்ச்சைப் படுக்கவைத்த மாதிரி சாய்த்துப் பிடித்தான். வெளிச்சம் ஆடியது, எதுவும் சரியாகத் தெரியவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்து, அந்த முட்டை முழுசாகத் தெரியும்வரை அசையாமல் நிறுத்தினான்.