ஏழு தாள்களில் ஒரே ஈரம்

சென்ற வாரம் அலமாரியை ஒழிக்கும்போது அந்த ஏழு தாள்கள் கையில் அகப்பட்டன. ஒவ்வொன்றிலும் வரிக்கு இருபதாக நானூறு சிறு கட்டங்கள், வெள்ளையிலிருந்து கருப்பு வரை சாம்பல் சாயல்களில். கீழ் இடது மூலையில் மட்டும் மை கொட்டியதுபோல ஒரு கருந்திட்டு. பார்த்ததும் பழைய எரிச்சல் அப்படியே மேலே வந்தது.

அப்போது நான் கோவையில் ஆராய்ச்சி மாணவி. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், வாரம் ஒருமுறை நானூறு இடங்களில் மண்ணின் ஈரத்தை அளக்க வேண்டும். என் ஆய்வேடே அதை நம்பித்தான் இருந்தது. எண்களை அட்டவணையாகப் பார்த்தால் தலை சுற்றும் என்று, ஈரம் கூடக்கூடக் கட்டம் கருப்பாகும்படி படமாக்கி அச்சிட்டேன். அளக்கும் வேலையை ஏற்றுக்கொண்டவர் எங்கள் ஆய்வகத்தின் மூத்த மாணவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "வெயில்ல நீ எதுக்குக் கண்ணு அலையறே? நான் போயி எடுத்துட்டு வாரேன்" என்பார். வாரத்துக்கு வாரம் படங்கள் ஒத்துப்போனதைக் கண்டு, என் முறை எத்தனை துல்லியம் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

கடைசியில் தோப்புக்காரரிடம் படங்களைக் காட்டி நன்றி சொல்லப் போனேன். கருந்திட்டைத் தொட்டு, "இதென்னுங்க அம்மணி?" என்றார். சொட்டுநீர்க் குழாய் ஒழுகும் மூலை, அதனால் ஈரம் என்றேன்.

"அந்தக் குழாயத் தை மாசமே மாத்திப்போட்டனுங்களே! அந்தப் புள்ளையும் ஒருக்கா வந்ததோட சரி, அப்பறம் வரவே இல்லீங்க."

முதல் தாள் மட்டுமே தை மாதத்தது. மற்ற ஆறும் மாசியும் பங்குனியும். அந்த மூலைக்கு நடந்துபோய்ப் பார்த்தேன். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. முதல் வார எண்களையே அங்கங்கே ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்து, அக்கா அறையில் உட்கார்ந்து எழுதித் தந்திருக்கிறார். சாம்பல் நிறத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்கு எங்கே தெரியும்?

கேட்டபோது அவர் கலங்கவே இல்லை. "உனக்குப் படந்தான வேணும் கண்ணு? படம் நல்லாத்தான வந்துச்சு?"

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதை அன்றுதான் அறிந்தேன். மறு வருடக் கோடை முழுக்க நானே தோப்பில் நின்று அளந்தேன். அதற்குள் அவர் பட்டம் வாங்கி வேலைக்கே போய்விட்டார்.

தாள்களைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். ஏழாவதன் பின்னால் அவர் கைப்பட எழுதிய எண் பட்டியல் குத்தியிருந்தது, அதன் ஓரத்தில், "சாப்புட்டியா கண்ணு?" அந்த நானூறும் பொய் என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு வரியை எதில் சேர்ப்பது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.