மூச்சில் ஓடிய கலிமா

சீனி லாத்தா, நீங்கள் வஃபாத்தான செய்தியைப் பள்ளிவாசல் மைக்கில் சொன்னபோது, உங்களைக் கடைசியாகக் குளிப்பாட்ட நான் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தேன். சற்று முன்புவரை உங்கள் கட்டிலருகே இருந்தவள்தான். ஆனாலும் ‘ஷரீபா பீவி’ என்ற முழுப்பெயரைக் கேட்டதும், யாரோ பாவம் என்று நினைத்தேன். அந்தப் பெயரில் உங்களை யாரும் கூப்பிட்டதில்லையே.

கடலூர் முதுநகரில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து வீடு. கூடப் பிறக்காவிட்டாலும் நீங்கள் எனக்கு அக்கா, லாத்தா. நான் நாலாவதுவரை படித்தவள். வியாழக்கிழமை அல்லாஹ்வை நினைத்து ஓதும் திக்ருக்குக் கூடும் நம் பெண்கள், லாத்தாவைப் பற்றி நீதான் எழுத வேண்டும் என்று நோட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

காலையில் இடியாப்பம் விற்று முடித்து, வியாழன்தோறும் அந்தக் கூட்டத்துக்காகச் சிதம்பரம் பஸ் ஏறுவோம். ஆலப்பாக்கம் தாண்டியதும் கண்ணை மூடி, கலிமாவை மூச்சில் ஓட விடுவீர்கள். வெளியே போகும் மூச்சில் ‘லா இலாஹ’, வணங்கத் தகுந்தவர் யாருமில்லை. உள்ளே வரும் மூச்சில் ‘இல்லல்லாஹ்’, அல்லாஹ்வைத் தவிர. உதடு அசையாது. வெயில் முகத்தில் ஏறி இறங்கும். பஸ் ஓடுகிறதா, தண்ணீரில் மிதக்கிறதா என்று எனக்கே தெரியாமல் போகும்.

ஒருமுறை சிதம்பரம் வந்த பிறகும் நீங்கள் எழவில்லை. கண்டக்டர் தட்டி, நல்ல தூக்கமா என்று கேட்டார்.

“தூங்கல தம்பி. மூச்சு வுட்டுக்கிட்டு இருந்தேன்.”

“நாங்க மட்டும் என்ன, வுடாமயா இருக்குறோம்?”

படியிறங்கும்வரை சிரித்தீர்கள். அவர் கேட்டது சரியான கேள்விதான் என்றீர்கள்.

உங்கள் மகன் ரபீக் சவுதியிலிருந்து வந்தவன். தொழுகை, நோன்பு எல்லாம் மார்க்கத்தில் இருக்கிறது, இந்த மூச்சுக் கணக்கு எங்கே இருக்கிறது என்று கேட்பான். நீங்கள் கோபப்பட்டதில்லை.

“தொழுவாமயாடா இருக்குறேன்? அஞ்சு வேளைக்கும் நடுவுல இருக்குற நேரம் சும்மா கெடக்குதே, அதை யாருக்குக் குடுக்குறது?”

ஆனால் நீங்கள் குனிய முடியாமல் ஆன பிறகு, தொழுகைக்கு ஒளு செய்யும்போது உங்கள் கால்களைக் கழுவிவிட்டவனும் அவன்தான்.

படுக்கையில் விழுந்ததும் என் கையை எடுத்து உங்கள் நெஞ்சில் வைத்துக்கொண்டீர்கள். “கடைசியில காதுல கலிமாவக் கத்தாதீங்கடி. உள்ள ஓடிக்கிட்டுதான் இருக்கும். நீ கைய மட்டும் வை, போதும்.” சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

நீங்கள் போன அன்று மாலை, அசர் தொழுகைக்குப் பிறகு உங்கள் மூச்சு தூரம் தூரமாக வந்தது. என் கை உங்கள் நெஞ்சில்தான் இருந்தது. ரபீக் என்னிடம் அழுதான். “சாச்சி, அம்மா வாய் அசையலையே. கலிமா இல்லாம போயிடப் போறாங்க, சொல்லிக் குடுங்க.” அந்தப் பயம் என்னையும் பிடித்தது. உங்கள் மூச்சு நீளமாக வெளியே போனது. ‘லா இலாஹ’. மறு மூச்சு உள்ளே வரவில்லை. யாருமில்லை என்பதோடு நின்றுவிட்டதே. வாக்கை மறந்து, குனிந்து, ‘இல்லல்லாஹ்’ என்று உங்கள் காதில் கத்திவிட்டேன். முழுசாகச் சொல்லாமல் பாதியைச் சொல்கிறாளே என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

போன வியாழன் தனியாகத்தான் பஸ் ஏறினேன். என்னிடம் மிஞ்சியது நீங்கள் பழக்கிய அந்த மூச்சு மட்டும்தான். அதுவும் வெளியே போகும்போதெல்லாம், திரும்பி வருமா என்று ஒரு நொடி நிற்கிறது.

நான் சொன்ன மீதி உங்கள் காதில் விழுந்ததா, லாத்தா? இல்லை, அதற்குள் நீங்களே சொல்லி முடித்துவிட்டீர்களா?