நர்மதாக்கா வரைந்த வீடு

“காசு குடுத்துப் போயிக் குளிருல படுக்கறதா?” என்றுதான் நர்மதாக்கா முதலில் கேட்டார்.

காந்தலூரில் ஒரு ஆப்பிள் தோட்டத்தில் கூடாரம் வாடகைக்குத் தருகிறார்கள், இரண்டு நாள்தான் என்று சொன்னேன்.

“மழை பேஞ்சா?”

“கூடாரம் ஒழுகாதுங்கக்கா.”

“எங்க ஊடே ஒழுகுது. துணி ஒழுகாதாமா.”

கையில் சால்டரிங் கம்பியோடு அவர் சிரித்தார். அவருடைய அண்ணன் தனபால் வேனைத் துடைத்தபடியே, “அம்மிணி போயிட்டா அம்மன் கோயில் போர்டை ஆரு முடிக்கறது?” என்றார்.

“நீயே முடி. வண்டி மேல உன்ற பேருதான எழுதியிருக்குது.”

தனபாலண்ணன் வேனின் மறுபக்கத்தைத் துடைக்கப் போனார். நர்மதாக்கா என் பக்கம் திரும்பி, “ரமேசு எதுக்கு என்னையக் கூப்புடறான்?” என்றார். ரமேஷ்குமார் என் அண்ணன், கல்யாணங்களுக்குப் போட்டோ எடுப்பவன். இருட்டில் கேமராவை ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் திறந்து வைத்து, அதன் முன்னால் விளக்கை அசைத்தால் விளக்கு போன வழியெல்லாம் கோடாக விழும், அதற்கு வெளிச்சம் தெரிந்த ஆள் வேண்டும் என்கிறான் என்று சொன்னேன்.

கம்பியைக் கீழே வைத்தார். “அப்ப வாரேன்.”

நர்மதாக்காவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கேரள எல்லைக்குள் இருக்கிற எருத்தேன்பதிக்காரர். ஆனைமலைப் பக்கம் கட்டிக் கொடுத்து, நாலு வருஷத்தில் திரும்பி வந்தவர். ஏன் என்று யாராவது கேட்டால், “அந்த ஊட்டுல எனக்கு எடம் பத்துல” என்பார், அவ்வளவுதான். அண்ணனின் லைட் செட்டில் வேலைக்கு உட்கார்ந்தார். கோயில் நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் வைக்கிற பெரிய பல்பு போர்டுகளில் மயிலும் வேலும் பெயர்களும் அவர் கைவேலைதான். பலகையின் பின்பக்கம் இருந்துதான் பல்பை நுழைத்து வயர் இழுக்க வேண்டும். அதனால் எழுத்தையெல்லாம் இடவலம் மாறித்தான் எழுதுவார். வேனிலும் ரசீதிலும் ‘தனபால் லைட்ஸ்’ என்று இருக்கும்.

அவர் பத்தாவது வரை தமிழில் படித்தவர். மலையாளம் பேசுவார், எழுத்து தெரியாது. நான் இரண்டும் படித்தேன். கொழிஞ்சாம்பாறையில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். ரேஷன் கார்டு, கரண்ட் இணைப்பு, ஆஸ்பத்திரிச் சீட்டு என்று மலையாளத்தில் வருகிற எல்லாவற்றையும் அவருக்கு நான்தான் படித்துச் சொல்வேன். நான் சொன்னால் கையெழுத்துப் போடுவார்.

கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் போனோம். அண்ணன், அண்ணி அனுப்பிரியா, நர்மதாக்கா, நான். அன்று இருட்டியதும் அண்ணன் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, எதிரே போய் நின்று, செல்போன் டார்ச்சால் ஊர்ப் பெயரை எழுதினான். படத்தில் எழுத்தெல்லாம் இடவலம் மாறி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வந்தது.

“என்ன ரமேசு, சேமியாவக் கொட்டுன மாதர இருக்குது.”

“நீங்க எழுதிக் காட்டுங்க பாக்கலாம்.”

அவர் பையிலிருந்து ஒரு குச்சியை எடுத்தார். நுனியில் ஒற்றை எல்இடி, அடியில் பேட்டரி, நடுவில் காலிங் பெல் சுவிட்ச். அமுக்கினால்தான் எரியும். “எழுத்துக்கு எழுத்து கையெடுக்கோணுமல்ல?” என்றார். கேமராவில் தான் விழக்கூடாது என்று தனபாலண்ணன் சபரிமலைக்குக் கட்டும் கறுப்பு வேட்டியையும் சட்டையையும் சேலை மேலேயே மாட்டிக்கொண்டார்.

“சாமி, அரவணைப் பாயசம் கொண்டாந்தீங்களா?” என்றாள் அண்ணி.

“மொதல்ல நெய்த்தேங்காய ஒட, குடுக்கறேன்.”

அவர் எழுதியது நேராக விழுந்தது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டே, “எப்படீங்கக்கா?” என்றான்.

“நான் வேல பாக்கறதே பின்னால இருந்துதான.”

மறுநாள் இருட்டியதும் இன்னொரு படம் எடுத்தோம். பூண்டுப் பாத்திக்கு மேலே எங்கள் கூடாரம். அதைச் சுற்றி நர்மதாக்கா ஒரு வீட்டை வரைந்தார். மூன்று படி, திறந்த கதவு, இரண்டு ஜன்னல், ஓட்டுக்கூரை. ஒவ்வொரு ஓட்டுக்கும் சுவிட்சை ஒரு தடவை அமுக்கினார். அண்ணன் கேமராவை மூடப்போகும்போது, “இரு, இரு” என்று ஒரு கல்லின் மேல் ஏறி, வாசலுக்கு மேலே எழுதினார். நர்மதா.

திரையில் வீடு நின்றது. அவர் அதில் எங்கேயும் இல்லை. பெயர் மட்டும் இருந்தது. பெரிதாக்கிக் காட்டச் சொல்லி நாலு தடவை பார்த்தார். “நான் போடற போர்டுல சாமி பேரு இருக்கும், கல்யாணம் பண்றவீக பேரு இருக்கும். என்ற பேர வெளிச்சத்துல இப்பத்தான் பாக்கறேன்.”

பாலக்காட்டில் ஒரு சங்கம் போட்டோப் போட்டி வைத்தது. படத்தில் எழுத்து இருந்தால் தள்ளிவிடுவார்களாம். அண்ணன் கம்ப்யூட்டரில் வாசலுக்கு மேலே இருந்த பெயரை அழித்தான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. “விண்ணப்பப் பாரத்துல உங்க பேரப் போட்டர்றேங்கக்கா” என்றான்.

“எங்கியாச்சு இருந்தாச் செரி.”

என் கடையில்தான் விண்ணப்பம் போட்டோம். நர்மதாக்கா எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாரம் முழுக்க மலையாளம். படத்தின் தலைப்பு என்ன என்று கேட்டிருந்தது. அண்ணன் சொன்னான், ‘என் வீடு’ என்று போடு. ஒன்பதாவது கேள்வி, படத்தை உருவாக்கியதில் பங்குள்ள மற்றவர்கள் யார் என்பது. அவன் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, “இல்லைன்னு போடு” என்றான்.

நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

“டார்ச்சத்தான புடிச்சாங்க. கேமரா யாருது?”

இல்லை என்று அடித்தேன்.

“என்ற பேரு வந்துருச்சா கண்ணு?” என்று நர்மதாக்கா எழுந்து வந்தார்.

திரையை அவர் பக்கம் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தேன். அது என் அண்ணனின் முகவரி.

“இவ்வளவு நீளமாவா வருது?” என்று சந்தோஷமாகக் கேட்டார். நான் தலையாட்டினேன்.

படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. அண்ணன் செல்போனில் ஸ்டேட்டஸ் வைத்தான், நர்மதாக்காவிடம் சொல்லவில்லை. தனபாலண்ணன் காட்டித்தான் அவருக்குத் தெரிந்தது. பச்சைப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, படம் மாட்டியிருந்த மண்டபத்துக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போயிருக்கிறார். திரும்பி வந்தவரிடம் தனபாலண்ணன், “பெரிசு பண்ணாத அம்மிணி. ரமேசுதான் நமக்குக் கல்யாண ஆர்டர் புடிச்சுத் தர்றவன்” என்றாராம். அம்மன் கோயில் போர்டு ஒன்றை நர்மதாக்கா பாதியிலேயே விட்டுவிட்டார் என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

மூன்று வாரம் அவர் கடைப் பக்கம் வரவில்லை. ஒரு மத்தியானம் வந்தார். கூட்டம் இருந்தது. எல்லோரும் போகும்வரை ஓரமாக நின்றார். நான் பெஞ்சைக் காட்டினேன், உட்காரவில்லை.

“அந்த மண்டபத்துல காலேஜ் புள்ள ஒண்ணு படம் பாத்துட்டு இருந்துது. கீழ எழுதியிருக்கறதப் படிச்சுச் சொல்லும்மான்னேன். ரமேஷ்குமார்ங்குது. வேற பேரு இல்லியான்னேன். இல்ல சேச்சிங்குது. இன்னொருக்காப் பாருன்னேன். பாவம், அது மூணு தடவ படிச்சுது.”

“அக்கா, அண்ணன்தான்…”

“ரமேசு கேமராக்காரன். அவன் அப்படித்தான் இருப்பான். வெரல வெச்சுக் காட்டுனது நீயி.”

மேஜை மேலிருந்த வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். பேனாவை அதன்மேல் வைத்தார்.

“என்ற பேர மலையாளத்துல எழுதிக் குடு. பெருசா எழுது. எப்படி இருக்கும்னு பாத்து வெச்சுக்கறேன். இனி எங்க இருக்குது, எங்க இல்லைன்னு நானே தேடிக்கறேன்.”