ஆர்டிஸ் கருப்பாக்கிய திரை

நார்டாலில் யாரும் யாரையும் நேருக்கு நேர் குறை சொல்ல மாட்டார்கள். நீங்கள் சமைத்தது வாயில் வைக்க விளங்கவில்லை என்றால், "இது ஒரு தினுசா இருக்கே" என்பார்கள். புது மருமகளைப் பிடிக்கவில்லை என்றாலும் அதே வார்த்தைதான். அதற்கு மேல் வெட்டிப் போட்டாலும் ஒரு சொல் வராது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடமேற்கு மூலையில், பனி மூடிய வயல்களுக்கு நடுவே நிற்கும் அந்த ஊரின் லூத்தரன் சபையில் இந்த மௌன விரதத்தைச் சட்டை செய்யாத ஒரே பிறவி ஆர்டிஸ் ட்வெய்ட்தான்.

பாதி ஆயுளைப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியே கழித்தவள் அவள். பின் இருக்கையில் நடக்கும் அடிதடியை முன்னால் இருந்தபடியே அடக்கிப் பழகிய தொண்டை. பாஸ்டர்கள் வந்தார்கள், போனார்கள். எல்லோரும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போனார்கள். புருஷன் மில்ஃபர்ட் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது இரண்டே இரண்டு. ஒன்று, அவளுடைய பழைய பியூக் கார். இன்னொன்று, சபையின் பின்மூலையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருக்கும் நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை பாட்டு வரிகளை முன்சுவர்த் திரையில் ஓட்டுகிறவள் அவள்தான். பாட்டுப் புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்க முடியாமல் ஊரில் பாதிப் பேருக்குக் கை மூட்டு வீங்கிப்போனதால் வந்த ஏற்பாடு அது.

அந்த இரண்டுக்கும் சேர்த்து ஆபத்து வந்தது. கண்புரை. ஃபார்கோ நகரத்தில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, "சின்ன ஆபரேஷன்தாம்மா, அரை மணி நேர வேலை" என்றார். ஆர்டிஸ் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். மில்ஃபர்டின் முழங்காலுக்கும் இதே அரை மணி நேரக் கதையைத்தான் சொன்னார்கள். உள்ளே போன மனுஷன் வெளியே வரவில்லை. அவள் காபி டம்ளரும் கையுமாக வெளியே உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு 'அரை மணி நேரம்' என்று யார் சொன்னாலும் அவள் அந்த இடத்தில் நிற்க மாட்டாள். சரி, ஆபரேஷனும் வேண்டாம், கண்ணும் மங்குகிறது என்று வெளியே தெரிந்தால்? லைசென்ஸைப் பிடுங்கிக்கொள்வார்கள். பண்ணை வீட்டில் தனியாக இருப்பவளுக்கு ஜனவரி மாதத்தில் கார் இல்லையென்றால் உயிரோடு புதைத்த மாதிரிதான். ஆகவே மூச்சு விடவில்லை. ஊரிலேயே பெரிய வாய்க்காரி, தன் விஷயத்தில் மட்டும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டாள்.

கண்புரைக்கு ஒரு குணம் உண்டு. வெள்ளை வெளேரென்று எதைப் பார்த்தாலும் எதிரே வரும் லாரி விளக்கு மாதிரி கூசும். சபைத் திரையோ பால் வெள்ளை, அதில் கருப்பு எழுத்து. ஆர்டிஸுக்கு எழுத்தெல்லாம் அந்த வெளிச்சத்தில் முங்கிப் போனது. போதாக்குறைக்கு நவம்பர் வந்ததும் கர்த்தர் ஊரையே வெள்ளையடித்து வைத்துவிட்டார். ஊரை ஒன்றும் செய்ய முடியாது, திரையைச் செய்யலாமே! ஒரு சனிக்கிழமை போய் உட்கார்ந்து, எல்லாப் பாட்டுக்கும் கருப்புப் பின்னணி போட்டு, எழுத்தை வெள்ளையாக்கினாள். அப்பாடா, முத்து முத்தாகத் தெரிந்தது.

"இப்ப எல்லாம் இதான் பேஷன்," என்றாள் மறுநாள், யாரும் கேட்காமலே. "உங்க பேரப்புள்ளைங்க போனை வாங்கிப் பாருங்க. எல்லாம் கருப்புதான். கண்ணுக்குக் குளிர்ச்சி."

"ஒரு தினுசா இருக்கு," என்றார் ஓரின் ஃபெல்டே, பக்கத்துப் பண்ணைக்காரர், கட்டைப் பிரம்மச்சாரி, சபையின் கனத்த குரல். மற்றவர்கள் தலையாட்டினார்கள். விஷயம் அத்தோடு முடிந்தது என்று ஆர்டிஸ் நினைத்துக்கொண்டாள்.

அங்கே முடியவில்லை. அந்தச் சபையில் எழுபதுக்குக் கீழே இருப்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாதிப் பேருக்குப் பார்வையில் கோணல். கருப்பில் எழுதிய வெள்ளை எழுத்து அவர்களுக்கு நூல் பிரிந்த கம்பளி மாதிரி நாலாப் பக்கமும் இழை விட்டுத் தெரிந்தது. மீதிப் பேருக்குக் கிழக்கு ஜன்னல் எமன். பத்து மணி வெயில் பனியில் பட்டு உள்ளே அடித்தால் கருப்பெல்லாம் சாம்பலாகிவிடும். சொல்வார்களா? மாட்டார்கள்! வாயை மட்டும் அசைத்தார்கள். மூன்றாம் சரணத்தில் ஓரின் இரண்டாம் சரணத்தைப் பாடினார். கிறிஸ்துமஸ் பாட்டே முனகலாகப் போனது. "இதுங்களுக்குத் தொண்டையில என்ன வந்துச்சு?" என்று ஆர்டிஸ் பின்மூலையிலிருந்து பல்லைக் கடித்தாள். மனசுக்குள் ஒரு மூலையில் அவளுக்குக் காரணம் தெரியும். அந்த மூலைப் பக்கம் அவள் போகவில்லை.

பாஸ்டர் சொல்வெய்க் சின்ன வயசுக்காரி, நல்ல மனசு. இவர்கள் வாயிலிருந்து ஒன்றும் வராது என்று தெரிந்து, ஜனவரியில் நடக்கும் வருடாந்தரக் கூட்டத்தில் ரகசிய வாக்கெடுப்பு என்று அறிவித்தாள். திரை வெள்ளையா, கருப்பா? முகம் தெரியாமல் குறித்துப் போட்டுவிடலாம்.

வாக்குச்சீட்டு அடிக்கும் வேலையும் ஆர்டிஸிடம்தான் வந்தது. அங்கேதான் அவள் புத்தி புல் மேயப் போனது. 'கருப்பு எவ்வளவு அழகுன்னு காகிதத்துலேயே காட்டுறேன் பாரு' என்று சீட்டு முழுக்கக் கருப்பாக்கி, வெள்ளை எழுத்துப் போட்டு, வெள்ளைக் கோட்டில் இரண்டு கட்டம் வரைந்தாள். கட்டத்துக்குள்ளும் கருப்பு. சபை அலுவலகத்து ஜெராக்ஸ் மெஷின் இருந்த மையெல்லாம் குடித்துவிட்டு முக்கி முனகிப் படுத்துக்கொண்டது. சீட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். என்ன தெளிவு! தன்னையே மெச்சிக்கொண்டாள்.

கூட்டம் ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில். ஆளுக்கொரு தட்டில் இறைச்சியும் காயும் கலந்து சுட்ட ஹாட்டிஷ், மேலே மொறுமொறுவென்று உருளைக்கிழங்கு உருண்டை. கழுநீர் மாதிரி காபி. சீட்டைக் கொடுத்தார்கள். எல்லோரும் பேனாவை எடுத்தார்கள். நீலப் பேனா, கருப்புப் பேனா, பென்சில். கருப்புக் காகிதத்தில் கருப்புப் பேனா என்னத்தை எழுதும்? சீட்டைச் சாய்த்துப் பார்த்தார்கள், விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார்கள். மை விரலில் ஒட்டியது, விரலிலிருந்து மூக்குக்குப் போனது.

"பாஸ்டர், நான் ஓட்டுப் போட்டுட்டேன்," என்றார் ஓரின், கரி பூசிய மூக்கோடு. "எதுக்குப் போட்டேன்னுதான் எனக்கே தெரியல."

பாஸ்டர் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தாள். ஒன்றிலும் ஒரு கோடு தெரியவில்லை. ஆர்டிஸுக்கு முகம் சிவந்தது. "சரி, கையைத் தூக்கியே முடிச்சிடலாமா?" என்றாள் பாஸ்டர்.

கையைத் தூக்குவதா! எல்லோரும் பார்க்கும்படியா!

"வெள்ளை வேணுங்கிறவங்க?"

ஒரு கையும் எழவில்லை. எல்லோரும் அவரவர் ஹாட்டிஷை ஆராய்ச்சி செய்தார்கள்.

"கருப்பு?"

ஆர்டிஸ் கையைத் தூக்கினாள். சுற்றிப் பார்த்தாள். அவள் கை மட்டும்தான்.

"அப்ப... ஒண்ணுக்கு சைபர். கருப்பு ஜெயிச்சிடுச்சு," என்றாள் பாஸ்டர், தயங்கித் தயங்கி. சனம் கைதட்டியது. சத்தியமாகத் தட்டியது, கரி அப்பிய கையோடு.

ஆர்டிஸுக்கு ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்கள்லாம் மனுஷங்கதானா?" என்று கத்தினாள். "மூணு மாசமா ஒருத்தரும் பாடல. எனக்குக் காது கேக்குது! படிக்க முடியலன்னா முடியலன்னு சொல்றதுக்கு என்னய்யா கேடு? வாயில என்ன வச்சிருக்கீங்க?"

கடைசியில் ஓரின்தான் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"உனக்குக் கண்ணு தெரியலன்னு நீ சொன்னியா, ஆர்டிஸ்?"

ஆர்டிஸ் கைப்பையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"என் வீட்டுத் தபால் பெட்டிய ரெண்டு தடவை இடிச்சுத் தள்ளிட்டுப் போன. ரெண்டு தடவையும் எடுத்து நட்டுட்டேன். இங்க இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். திரை கருப்பா இருந்தா உனக்குத் தெரியுதுன்னும் தெரியும். அதான் யாரும் கையைத் தூக்கல." அவர் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. மூச்சு வாங்கிக் காபியை ஒரு மிடறு குடித்தார்.

முழுப் பூசணிக்காயை அவள் சோற்றில் மறைத்திருக்கிறாள். ஊரே அந்தச் சோற்றைப் பேசாமல் தின்றிருக்கிறது. அவள் நாற்காலி போகக் கூடாதென்று தங்கள் பாட்டையே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், இந்த ஊமைக் கோட்டான்கள். ஆர்டிஸ் அழுதாள். புருஷன் சாவில் அழாதவள், கண்ணீரும் மூக்குமாக அழுதாள். கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் கரியாயிற்று.

"மில்ஃபர்டையும் அரை மணி நேரம்னுதான் கூட்டிட்டுப் போனாங்க, ஓரின்."

"தெரியும்."

"எனக்குப் பயமா இருக்குய்யா."

"தெரியும்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பாஸ்டர் பக்கம் திரும்பினாள். "இன்னொரு தடவை கேளுங்க பாஸ்டர். வெள்ளை வேணுங்கிறவங்க யாருன்னு கேளுங்க." கேட்டு முடிக்கும் முன்பே அவள் கை மேலே போனது. அவள் முறைத்த முறைப்பில் மற்ற கைகளும் ஒவ்வொன்றாக எழுந்தன. அவர்களைப் பொறுத்தவரை அது ஒரு புரட்சி.

கார் சாவியைக் கைப்பையிலிருந்து எடுத்து ஓரினின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஃபார்கோவுக்கு என்னைக் கூட்டிட்டுப் போவியா?"

"போறேன்."

"முடியிற வரைக்கும் வெளிய உக்காந்திருப்பியா?"

"உக்காந்திருப்பேன்."

"அரை மணிக்கு மேல ஆச்சுன்னா?"

ஓரின் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"உள்ள வந்து சத்தம் போடுவேன்," என்றார்.